மியூசியம் ரோட்டில் மியூசியம் இல்லை: ஒரு நகரத்தின் கதை எங்கே, எப்படி காட்சிக்கு வருகிறது?

ஜோகுபாளையத்தில் ஓர் அறை எடுத்துத் தங்கியிருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். இந்திராநகர் வாடகை கையைக் கடிக்கும், ஆபீஸுக்கோ பக்கத்தில் இருக்க வேண்டும், அதனால் இந்தப் பக்கம். தெருமுனைக் கடையில் தமிழிலேயே கறிவேப்பிலை கொசுறு கேட்கலாம். ரெண்டு வருஷம் ஓடிவிட்டது. ஊரிலிருந்து அப்பா அம்மா வருகிறார்கள், 'பெங்களூர்ல பாக்க என்ன இருக்கு?' என்று கேட்கிறார்கள். நீங்கள் லால்பாக், விதான சௌதா, அப்புறம் ஏதோ ஒரு மால் என்று இழுக்கிறீர்கள்.

'இந்த ஊருக்கு என்னங்க வரலாறு, ஐடி வந்துச்சு, டிராஃபிக் வந்துச்சு' என்பது நம் ஆபீஸ் கேன்டீன்களில் அடிக்கடி கேட்கும் வசனம். அது தவறு என்று சொல்ல ஒரு பட்டியல் போடலாம். அதைவிட ஒரு நகரத்தின் வரலாற்றை மியூசியங்கள் எப்படித் தேர்ந்தெடுத்து, எப்படி அடுக்கி, எதை விட்டுவிட்டு நமக்குக் காட்டுகின்றன என்று பார்ப்பது பயனுள்ளது. அது தெரிந்துவிட்டால் எந்த ஊர் மியூசியத்துக்குப் போனாலும் ஒரு மணி நேரம் வீணாகாது.

ஒரு சின்ன விஷயத்திலிருந்து தொடங்கலாம். எம்.ஜி. ரோட்டுக்குப் பக்கத்தில் மியூசியம் ரோடு என்று ஒரு சாலை இருக்கிறது. உணவகம், பள்ளி, அலுவலகம் எல்லாம் உண்டு. அந்தப் பெயருக்குக் காரணமான அரசு மியூசியம் மட்டும் அங்கே இல்லை. 1865-ல் பெங்களூர் அரசு அருங்காட்சியகம் தொடங்கியபோது அந்தப் பக்கம்தான் இருந்தது. தொடங்குவதற்கு முன்னின்றவர் எட்வர்ட் பால்ஃபர் என்ற ராணுவ மருத்துவர். 1851-ல் சென்னை எழும்பூர் மியூசியத்தைத் தொடங்கியவரும் இவர்தான். 1877-ல் ரிச்சர்ட் சாங்கி வடிவமைத்த சிவப்புக் கட்டடம் கஸ்தூர்பா ரோட்டில் எழுந்தது. மியூசியம் அங்கே குடிபெயர்ந்தது, பெயர் மட்டும் பழைய தெருவிலேயே தங்கிவிட்டது.

அல்சூர் மெட்ரோ ஸ்டேஷனில் ஏறினால், அதாவது பலகையில் ஹலசூரு என்று போட்டிருக்கும் இடத்தில் ஏறினால், டிரினிட்டி, எம்.ஜி. ரோடு, மூன்றாவது கப்பன் பார்க். இறங்கிக் கொஞ்சம் நடந்தால் கஸ்தூர்பா ரோடு. போவதற்கு முன் திறந்திருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஒரு நாய், ஒரு பன்றி, ஒரு சோழ இளவரசன்

அந்த மியூசியத்தின் சேகரிப்பில் ஆதகூர் நடுகல் என்று ஒரு கல் இருக்கிறது. இன்றைய மண்டியா மாவட்டத்தில் உள்ள ஆதகூரிலிருந்து வந்தது. காலம் கி.பி. 949-950. கல்லில் ஒரு நாயும் காட்டுப்பன்றியும் மோதிக்கொள்ளும் சிற்பம். சுற்றிலும் கன்னட எழுத்து.

கதை இதுதான். கங்க மன்னன் இரண்டாம் பூதுகனிடம் மணலேரன் என்ற வீரன் இருந்தான். ஒரு போரில் அவன் காட்டிய வீரத்தை மெச்சி, 'என்ன வேண்டும், கேள்' என்றான் மன்னன். மணலேரன் கேட்டது காளி என்ற வேட்டை நாயை. பிறகு ஒருநாள் அந்த நாய் ஒரு பெரிய பன்றியோடு சண்டையிட்டது. இரண்டுமே செத்தன. நாய்க்காக மணலேரன் நட்ட கல் இது. கல்லுக்குப் பூசை செய்யாமல் பூசாரி சாப்பிடக் கூடாது என்றுகூட எழுதி வைத்திருக்கிறார்கள்.

நாய்ப் பிரியர்களுக்கு இது போதும். ஆனால் அந்தப் போர் எது என்று பாருங்கள். தக்கோலம். இன்றைய ராணிப்பேட்டை மாவட்டத்தில், அரக்கோணம் பக்கம் இருக்கிற அதே தக்கோலம். அங்கேதான் பராந்தக சோழனின் மகன் ராஜாதித்தன் யானை மீதிருந்தபடி இறந்தான். 'பொன்னியின் செல்வன்' தொடக்கத்தில் வந்தியத்தேவன் குதிரையில் வருவானே, அந்த வீரநாராயண ஏரியோடு சேர்த்துப் பேசப்படும் அதே ராஜாதித்தன். அவனைக் கொன்றவன் பூதுகன் என்பதை இந்தக் கல் பதிவு செய்கிறது. நம் பள்ளிப் புத்தகத்தில் சோழர்களின் பெரிய தோல்வியாகப் படித்த போர், பெங்களூர் மியூசியத்தில் ஒரு வேட்டை நாயின் நினைவுக்கல்லில் வெற்றிச் செய்தியாக நிற்கிறது.

இப்போது நீங்கள்தான் கியூரேட்டர், அதாவது காட்சியை அமைப்பவர். இந்தக் கல்லுக்குப் பக்கத்தில் ஒரு விவரப் பலகை எழுத வேண்டும். உலகம் முழுக்கப் பல மியூசியங்களில் ஒரு பொருளுக்கான பலகை 50, 60 சொல்லுக்கு மேல் போவதில்லை. நிற்கிறவருக்கு கால் வலிக்கும், பின்னாடி ஒரு பள்ளிக்கூட டிரிப் நெருக்கும். அந்த 60 சொல்லில் என்ன சொல்வீர்கள்? நாயின் வீரமா? பத்தாம் நூற்றாண்டுக் கன்னடத்தின் அழகா? ராஷ்டிரகூடர், கங்கர், சோழர் அரசியலா? 'இந்தக் கல்லை ஆதகூரிலிருந்து ஏன் இங்கே தூக்கி வந்தார்கள்' என்பதா?

எதைச் சொன்னாலும் பொய்யில்லை. ஆனால் ஒன்றைச் சொல்லும்போது மற்ற மூன்றும் போய்விடும். கண்காட்சி என்பதே இந்த வேலைதான். கல்லைத் தமிழ் மன்னர் வரலாற்று வரிசையில் வைத்தால் அது ஒரு தோல்விச் சாட்சி. கன்னட இலக்கிய வரிசையில் வைத்தால் அது ஒரு பெருமை. விலங்குகளும் மனிதர்களும் என்ற தலைப்பில் வைத்தால் குழந்தைகள் கூட்டம் அலைமோதும். பக்கத்தில் எதை வைக்கிறோம் என்பது ஒரு பொருளின் அர்த்தத்தையே மாற்றிவிடும்.

இன்னொன்று. மியூசியம் என்றால் வைத்திருப்பதை எல்லாம் காட்டும் இடம் என்று நினைத்துவிடாதீர்கள். லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்தில் குறைந்தது 80 லட்சம் பொருட்கள். ஒரே நேரத்தில் காட்சியில் இருப்பது சுமார் 80,000, அதாவது நூற்றுக்கு ஒன்று. மீதி எல்லாம் கிடங்கில். சில பொருட்களுக்கு இது நல்லதும்கூட. பழைய புகைப்படம், பட்டுத்துணி, கையெழுத்துப் பிரதி எல்லாம் வெளிச்சத்தில் வெளுத்துவிடும். அதனால்தான் அந்த அறைகளில் 50 லக்ஸ் அளவுக்கு மங்கலாக விளக்கு போட்டிருப்பார்கள். சில மாதம் காட்டிவிட்டு எடுத்து உள்ளே வைத்துவிடுவார்கள். அடுத்த முறை 'ஏன் இப்படி இருட்டா இருக்கு' என்று முணுமுணுப்பதற்கு முன் இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

அவித்த பருப்பும் ஒரு போரும்

பெங்களூர் என்ற பெயர் எப்படி வந்தது? கேப் டிரைவர் முதல் கைடு வரைக்கும் ஒரே கதைதான். ஹொய்சள மன்னன் வீர வல்லாளன் காட்டில் வழி தவறினான். ஒரு பாட்டி அவித்த பயறு கொடுத்தாள். கன்னடத்தில் பெந்த காளு ஊரு, அதுவே பெங்களூரு. இனிமையான கதை. ஆனால் நகரின் தெற்கே பேகூர் நாகேஸ்வரர் கோயிலில் உள்ள ஒரு நடுகல், 'பெங்களூர்ப் போர்' ஒன்றைப் பற்றிச் சொல்கிறது. அதன் காலம் சுமார் கி.பி. 900. வல்லாளன் வருவதற்கு ஏறக்குறைய முந்நூறு ஆண்டுகளுக்கு முன்பே ஊரின் பெயர் கல்லில் இருக்கிறது. பாட்டி எப்போது பயறு அவித்தாளோ, தெரியாது.

ஒரே ஒரு கல் ஒரு நகரத்தின் பிறப்புக் கதையை மாற்றிவிடும். ஆனால் அந்தக் கல் இருந்தால்தானே? சாலை அகலப்படுத்தும்போது புதைந்தவை, அஸ்திவாரத்தில் போனவை, துணி துவைக்கும் கல்லானவை ஏராளம். பி.எல். ரைஸ் 1905-ல் பெங்களூர் மாவட்டக் கல்வெட்டுகளைத் தொகுத்து வெளியிட்ட 'எபிகிராஃபியா கர்னாடிகா' ஒன்பதாம் தொகுதியைக் கையில் வைத்துக்கொண்டு, இன்று அந்தக் கற்களைத் தேடி அலைகிற ஆட்கள் இருக்கிறார்கள். 2018-ல் ஹெப்பாலில் மறுபடி கிடைத்த கித்தய்யாவின் நடுகல் சுமார் கி.பி. 750-ஐச் சேர்ந்தது, கன்னடத்தில் உள்ளது. ஊர் மக்களும் ஆர்வலர்களும் சேர்ந்து அதற்கு ஒரு கல் மண்டபம் கட்டி அங்கேயே நிறுத்தினார்கள். 1909 முதல் இயங்கும் மிதிக் சொசைட்டி 2021-ல் பெங்களூர்க் கல்வெட்டுகளை முப்பரிமாண ஸ்கேன் செய்யத் தொடங்கியது. கல் தேய்ந்துபோனாலும் எழுத்து கணினியில் இருக்கும். இதுவும் ஒருவகை மியூசியம்தான். சுவர் மட்டும் இல்லை.

பேட்டையும் தண்டும்

சரி, இதில் ஜோகுபாளையம் எங்கே வருகிறது?

பெங்களூர் நீண்ட காலம் ஒரே நகரமாக இருக்கவில்லை. ஒன்று கெம்பேகௌடா 1537-ல் மண்கோட்டை கட்டி உருவாக்கியதாகச் சொல்லப்படும் பேட்டை. இன்றைய சிக்பேட்டை, நகர்த்பேட்டை எல்லாம் அந்தப் பக்கம். இன்னொன்று 1809-லிருந்து ஆங்கிலேயப் படை வந்து தங்கிய கண்டோன்மென்ட். கன்னடத்தில் அதைத் 'தண்டு' என்பார்கள், படை என்று அர்த்தம். அல்சூரும் அதைச் சுற்றிய பாளையங்களும் தண்டுப் பக்கம். 1881-க்குப் பிறகு பேட்டை மைசூர் மகாராஜாவின் ஆட்சியில், தண்டு நேரடியாக ஆங்கிலேயர் கையில். இரண்டும் ஒரே மாநகராட்சியானது 1949-ல்தான். நடுவில் கப்பன் பார்க், இந்தப் பக்கம் ஒரு நகரம், அந்தப் பக்கம் ஒரு நகரம்.

படை வந்தால் கூடவே சமையல்காரர், தையல்காரர், குதிரைக்குப் புல் தருபவர், கொத்தனார், காண்டிராக்டர் எல்லாரும் வருவார்கள். சென்னை மாகாணப் படை என்பதால் அவர்களில் பெரும்பகுதி தமிழர். மெட்ராஸ் சாப்பர்ஸ் படைப்பிரிவு 1834-ல் பெங்களூருக்கு வந்தது. அல்சூர் ஏரிக்கரையில் இன்றும் அவர்கள் முகாம்தான். அந்த வீரர்களுக்கு ராணுவத்தில் செல்லப்பெயரே 'தம்பி'. அதே காலத்தில் ஆற்காடு நாராயணசாமி முதலியார் இங்கே வியாபாரம், காண்டிராக்ட் என்று வளர்ந்தார். இன்று உயர் நீதிமன்றமாக இருக்கும் சிவப்பு அட்டாரா கச்சேரியை, சாங்கியின் வடிவமைப்பில், 1868-ல் கட்டி முடித்தது அவர்தான். 1873-ல் அவர் தொடங்கிய பள்ளி இன்றும் அவர் பெயரில் நடக்கிறது.

இவ்வளவும் சொல்லிவிட்டு ஒரு கேள்வி. எம்.ஜி. ரோட்டில் மேயோ ஹால் இருக்கிறது. கொலை செய்யப்பட்ட வைஸ்ராய் மேயோ பிரபுவின் நினைவாக 1883-ல் திறக்கப்பட்ட தண்டுக் கட்டடம். 2011 முதல் அதன் மாடியில் இருப்பது என்ன தெரியுமா? கெம்பேகௌடா மியூசியம். பேட்டையை உருவாக்கியவரின் கதை, தண்டின் அடையாளமான கட்டடத்துக்குள். கோட்டைகள், கோயில்கள், ஏரிகள், கல்வெட்டுகள் பற்றிய படங்களும் விளக்கங்களும் அங்கே உண்டு. நகரத்தைத் தோற்றுவித்தவருக்கு ஒரு மியூசியம் வேண்டும், அதில் தவறே இல்லை. ஆனால் அந்தக் கட்டடத்தைக் கட்டியவர்கள், அதைச் சுற்றி வாழ்ந்தவர்கள் கதையும் அதே கூரையின் கீழ் ஓர் அறை கேட்கும் என்பது என் எண்ணம். மன்னருக்குச் சிலை எளிது. குதிரைக்குப் புல் அறுத்தவருக்குக் கண்ணாடிப் பெட்டியில் வைக்க என்ன இருக்கிறது? அவரே எதையும் விட்டுவைக்கவில்லை. நகர மியூசியங்களின் மிகப் பெரிய சிக்கல் இது.

துணி போர்த்திய ஒரு காட்சி

காட்சி என்பது மியூசியத்துக்குள் மட்டும் நடப்பதில்லை. அல்சூர் ஏரி அருகே உள்ள திருவள்ளுவர் சிலையைப் பார்த்திருப்பீர்கள். 1991-ல் திறக்க வேண்டியது. எதிர்ப்பு எழுந்தது, துணியால் மூடினார்கள். அந்த டிசம்பரிலேயே காவிரிப் பிரச்சினையில் பெங்களூரில் கலவரம். தமிழர்கள் தாக்கப்பட்டார்கள், பலர் ஊரை விட்டே போனார்கள். சிலை சுமார் 18 ஆண்டுகள் மூடியே இருந்தது. 2009 ஆகஸ்ட் 9 அன்று முதல்வர் கருணாநிதி வந்து, முதல்வர் எடியூரப்பா முன்னிலையில் திறந்து வைத்தார். நான்கு நாள் கழித்து சென்னை அயனாவரத்தில் கன்னடக் கவி சர்வக்ஞர் சிலை திறக்கப்பட்டது.

யோசித்துப் பாருங்கள், அந்த 18 ஆண்டுகள் துணி மூடிய சிலையே ஒரு காட்சிதான். பஸ்ஸில் போகிற ஒவ்வொருவருக்கும் அது ஒன்றைச் சொன்னது, ஒவ்வொருவருக்கும் வேறு வேறாக. இதை ஒரு கண்காட்சியில் எப்படிச் சொல்வீர்கள்? அந்தத் துணி கிடைத்தால் அதையே வைக்கலாம். இரண்டு மொழிக்காரர்களின் நினைவையும் இரண்டு மொழியிலேயே பதிவு செய்து ஓடவிடலாம். தீர்ப்பு எழுத வேண்டாம். ஆனால் நடக்காதது போல இருக்கவும் கூடாது.

இப்படிச் செய்து காட்டிய இடம் ஒன்று தென்னாப்பிரிக்காவின் கேப்டவுனில் இருக்கிறது. டிஸ்டிரிக்ட் சிக்ஸ் என்ற பகுதியை நிறவெறி அரசு 1966-ல் வெள்ளையருக்கு மட்டும் என்று அறிவித்து, 60,000-க்கும் மேற்பட்டவர்களை வெளியேற்றி, வீடுகளை இடித்தது. 1994-ல் ஒரு பழைய தேவாலயத்தில் மியூசியம் தொடங்கியபோது, அவர்களிடம் பெரிய பொக்கிஷம் எதுவும் இல்லை. தரை முழுக்க அந்தப் பகுதியின் வரைபடத்தை விரித்தார்கள். பழைய குடியிருப்பாளர்கள் வந்து, தங்கள் வீடு இருந்த இடத்தில் குனிந்து பெயரை எழுதினார்கள். இடிப்பு வேலை பார்த்த ஒருவர் எடுத்து வைத்திருந்த தெருப் பெயர்ப் பலகைகள் மேலே தொங்குகின்றன. நிலத்துக்கான உரிமைக் கோரிக்கைகளுக்கும் அந்த நினைவுகள் துணையாக நின்றன. எளியவர்கள் பொருள் எதையும் விட்டுப் போகவில்லை என்ற சிக்கலுக்கு இது ஒரு பதில்: பொருள் இல்லாவிட்டால் ஆட்களைக் கூப்பிடு.

லண்டன் வேறு வழியில் போனது. 2018-ல் லண்டன் நகர மியூசியம் காட்சிக்கு வைத்தது, வைட்சேப்பல் பாதாளச் சாக்கடையை அடைத்திருந்த 250 மீட்டர் நீளக் கொழுப்புப் பாறையின் ஒரு துண்டை. எண்ணெய், ஈரத்துடைப்பான், குப்பை எல்லாம் இறுகியது. கூட்டம் வந்தது. அரண்மனைத் தட்டு ஒரு நகரத்தைப் பற்றிச் சொல்வதைவிட அதன் சாக்கடை உண்மையைச் சொல்லும் போலிருக்கிறது. பெல்லந்தூர் ஏரி நுரையை யாராவது ஒரு பாட்டிலில் பிடித்து வைத்திருந்தால் நல்லது.

பெங்களூரிலும் புதிய முயற்சிகள் நடக்காமல் இல்லை. 2023 பிப்ரவரியில் கஸ்தூர்பா ரோட்டில் திறந்த ஓவிய, புகைப்பட அருங்காட்சியகம், நாம் 'மேப்' என்கிறோமே, அதன் சேகரிப்பில் சினிமா போஸ்டரும் தீப்பெட்டிப் படமும்கூட உண்டு. ஓவியத்துக்கு எதிரே தீப்பெட்டிப் படமா என்று முகம் சுளிப்பவர்கள் இருக்கலாம். நம் தாத்தா கையில் தினமும் இருந்த ஓவியம் தீப்பெட்டியில் இருந்ததுதான்.

தோம்லூரின் நிலைக்கால்கள்

கடைசியாக, காலையிலேயே போய்வரக்கூடிய ஓர் இடம். ஜோகுபாளையத்திலிருந்து தெற்கே கொஞ்ச தூரத்தில் தோம்லூர். அங்கே சொக்கநாதசுவாமி கோயில். பெயரைக் கேட்டதும் மதுரைச் சொக்கநாதர் என்று விபூதியோடு போய்விடாதீர்கள், உள்ளே இருப்பவர் பெருமாள். கல்வெட்டுகள் சொக்கப்பெருமாள் என்கின்றன. சோழர் காலக் கோயில் என்கிறார்கள். கல்வெட்டுகளில் ஊரின் பெயர் தொம்பலூர், தேசிமாணிக்கப்பட்டணம். பல கல்வெட்டுகள் தமிழில். 1270-ஐச் சேர்ந்த ஒன்று, அழகியார் என்பவர் இரண்டு வாசல் நிலைக்கால்கள் கொடுத்ததைச் சொல்கிறது.

இங்கே ஒரு எச்சரிக்கை. 'பாத்தியா, 750 வருஷத்துக்கு முன்னாடியே இங்க தமிழ்' என்று ஒரு செல்ஃபி போட்டுச் சண்டைக்கு இழுக்கத் தோன்றும். அதற்கு முன் இன்னொரு கல்வெட்டையும் படியுங்கள். அதே கோயிலில் கொடை தருபவன் வீர ராமநாதன், ஒரு ஹொய்சளன். கன்னட நாட்டில் எழுந்த வம்சம். அவன் ஆட்சி செய்தது முதலில் திருச்சி அருகே கண்ணனூரிலிருந்து. பிறகு ஓசூர்ப் பக்கம் குந்தாணியிலிருந்து. எழுதியது தமிழில். இந்தப் பக்கம் ஹெப்பாலில் அதற்கு ஐந்நூறு ஆண்டு மூத்த கன்னடக் கல். யார் முதலில் வந்தது என்று எண்ணத் தொடங்கினால், இந்தக் கற்கள் எந்தக் கட்சிக்கும் சாட்சி சொல்ல வராது. அவை சொல்வது, எல்லை எங்கே என்று அப்போதிருந்தவர்களுக்கு வேறு கணக்கு இருந்தது என்பதைத்தான்.

எந்தக் கண்காட்சிக்குப் போனாலும் பலகையைப் படித்துவிட்டு நகராமல் ஒரு நிமிடம் நில்லுங்கள். இந்தப் பொருள் இங்கே எப்படி வந்தது, யார் கொடுத்தது, வாங்கியதா, எடுத்து வந்ததா? பலகை எந்தெந்த மொழியில் இருக்கிறது? கட்டியவன் பெயர் இருக்கிறதா, கட்டச் சொன்னவன் பெயர் மட்டுமா? இந்த அறையில் இருக்க வேண்டிய யார் இல்லை? பதில் கிடைக்காவிட்டால் அங்கிருக்கும் வருகையாளர் புத்தகத்தில் எழுதுங்கள். நீங்கள் எழுதியதை யாராவது நிச்சயம் புரட்டுவார்கள்.

வீட்டுக்குத் திரும்பியதும் ஹவுஸ் ஓனர் பாட்டியிடம் கேட்டுப் பாருங்கள், அவர்கள் குடும்பம் எந்த ஊரிலிருந்து, எந்த வேலைக்காக இங்கே வந்தது என்று. தருமபுரி, வேலூர், ஆற்காடு என்று ஏதாவது ஓர் ஊர்ப் பெயர் வரலாம். பாட்டி சம்மதித்தால் போனில் பதிவு செய்து, தேதியும் இடமும் சேர்த்து வையுங்கள். பீரோவில் ஒரு பழைய ரேஷன் கார்டோ, சாப்பர்ஸ் பென்ஷன் புத்தகமோ இருந்தால் ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். ஃபிளாஷ் மட்டும் வேண்டாம், பழைய காகிதத்துக்கு ஆகாது.